நேர்மின்வாயா? எதிர்மின்வாயா? – ஆக்சைடு மின்வாய்களின் வரலாறும் ஓர் ஆசிரியரின் பிழையும்



இம்முறை ஒரு பிழையை ஒப்புக்கொள்வதற்காக எழுதுகிறேன். பிழை என்னுடையது. அதைச் சுட்டிக்காட்டியவர் என் பழைய மாணவி.

சில மாதங்களுக்கு முன் பள்ளி முடிந்த நேரத்தில் அவர் என்னைக் காண வந்தார். ஆறாம் ஆண்டில் எங்கள் அறிவியல் கழகத்தின் தலைவியாக இருந்தவர். இப்போது ஐந்தாம் படிவத்தில் வேதியியல் பயில்கிறார். கையில் ஒரு சோதனைத் தாள் இருந்தது. ஒரு கேள்வியில் சிவப்பு மையால் குறுக்குக்கோடு.

“ஐயா, மின்கலத்தில் அனோட் எந்த முனை என்று கேட்டிருந்தார்கள். நேர்முனை என்று எழுதினேன். தவறு என்று போட்டுவிட்டார்கள். ஆனால், நீங்கள் எங்களுக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? அனோட் என்றால் நேர்மின்வாய் என்று அறிவியல் அறைச் சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தீர்களே!”

ஆம், ஒட்டியிருந்தேன். உலர் மின்கலத்தின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, மேலே கூட்டல் குறி உள்ள பக்கத்தில் ‘நேர்மின்வாய் – அனோட்’ என்றும், கீழே கழித்தல் குறி உள்ள பக்கத்தில் ‘எதிர்மின்வாய் – கத்தோட்’ என்றும் அழகான எழுத்துகளில் எழுதி வைத்திருந்தேன். அப்படம் அன்றும் சுவரில்தான் இருந்தது.

ஏன் அப்படி எழுதினேன்? 2003ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த காலம் அது. அக்கொள்கை கைவிடப்படும் என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் அறிவியல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியபோது, நாங்கள் கலைச்சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தோம். தமிழ்நாட்டு நூல்களில் அனோட் என்பதற்கு நேர்மின்வாய் என்றும், கத்தோட் என்பதற்கு எதிர்மின்வாய் என்றும் இருந்தன. நேர் என்றால் கூட்டல், எதிர் என்றால் கழித்தல். இதில் ஐயப்பட என்ன இருக்கிறது என்று எண்ணினேன். சொல்லை நம்பினேன், பொருளைச் சோதிக்கவில்லை.

அம்மாணவி கேட்ட இரண்டாவது கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை. “அப்படியென்றால் தமிழில் படித்ததால்தான் எனக்கு இந்தக் குழப்பமா, ஐயா?”

இக்கேள்வியைப் பெற்றோர் பலரும் வேறு வேறு வடிவங்களில் நம்மிடம் கேட்கின்றனர். ஆகவே, விடையைச் சற்று விரிவாகத் தேடினேன். அத்தேடலில் கண்ட வரலாற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன். குறிப்பாக, உலோக ஆக்சைடுகளால் ஆன மின்வாய்களை எடுத்துக்கொண்டேன். ஏனெனில், நம் பிள்ளைகள் கையாளும் மின்கலங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் ஏதேனும் ஓர் உலோக ஆக்சைடுதான் உள்ளது.

ஞாயிறு எழும் வழி

இத்தாலி நாட்டு வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தார். துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடும் மாறி மாறி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டைகள். அன்று முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, மின்சாரம் நீர்மத்திற்குள் புகும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அறிஞர்கள் ‘துருவம்’ என்றே அழைத்து வந்தனர்.

இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே அச்சொல்லை விரும்பவில்லை. துருவம் என்றால் காந்தம்போல் எதையோ இழுக்கிறது என்னும் எண்ணம் வந்துவிடும். நீர்மத்திற்குள் நடப்பது அதுவன்று என்பது அவர் கருத்து. பாரடே கொல்லர் ஒருவரின் மகன்; நூல் கட்டும் கடையில் பயிற்சியாளராக இருந்தவர்; கிரேக்க மொழி பயிலும் வாய்ப்பைப் பெறாதவர். எனவே, புதுச் சொற்களுக்காகக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் வில்லியம் ஹியூவெலை நாடினார். ‘சயின்டிஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவரும் இவரே.

1834ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இருவருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. பாரடே ஓர் அழகிய கற்பனையை வைத்திருந்தார். புவியின் காந்தத்தன்மை, புவியைச் சுற்றி ஓடும் மின்னோட்டத்தால் வருவதாகக் கொள்வோம். அம்மின்னோட்டம் ஞாயிறு செல்லும் திசையில், கிழக்கிலிருந்து மேற்காக ஓட வேண்டும். நம் சோதனைக் கலத்தையும் அதே திசையில் வைத்தால், மின்னோட்டம் நீர்மத்திற்குள் புகும் முகம் கிழக்கில் இருக்கும். வெளியேறும் முகம் மேற்கில் இருக்கும். இதைக் கொண்டு ஹியூவெல் தந்த சொற்களே அனோட், கத்தோட். ‘அனா’ என்றால் மேல்நோக்கி. ‘கத்தா’ என்றால் கீழ்நோக்கி. ‘ஹோடாஸ்’ என்றால் வழி. அனோட் ஞாயிறு எழும் வழி. கத்தோட் ஞாயிறு விழும் வழி.

பாரடேவுக்கு உடனே முழு நிறைவு ஏற்படவில்லை. அனோட் என்னும் சொல்லைத் தாம் காட்டியவர்கள் எல்லாரும் முதலில் அதை ‘வழி இல்லை’ என்று பொருள் கொண்டதாக ஹியூவெலுக்கு எழுதினார். கிரேக்கத்தில் ‘அன்’ என்பது இன்மையையும் குறிக்கும் அல்லவா? ஹியூவெல் விடவில்லை. இறுதியில் அச்சொற்களே நிலைத்தன. ஆக, பிறந்த நாளிலேயே ஆங்கிலேயரையும் குழப்பிய சொல் இது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பாரடேயின் வரையறையில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. மின்னோட்டம் எங்கே மின்பகுளிக்குள் புகுகிறதோ அது அனோட். எங்கே வெளியேறுகிறதோ அது கத்தோட். அவ்வளவே. அது திசையின் பெயர், குறியின் பெயரன்று.

1897இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். எலக்ட்ரான் மின்னோட்டத்தின் மரபுத் திசைக்கு எதிராகச் செல்வது. ஆகவே, இன்று நாம் வரையறையை இவ்வாறு சொல்கிறோம்: எம்மின்வாயில் பொருள் எலக்ட்ரானை இழக்கிறதோ, அதாவது ஆக்சிஜனேற்றம் நடக்கிறதோ, அது அனோட். எம்மின்வாயில் பொருள் எலக்ட்ரானைப் பெறுகிறதோ, அதாவது ஆக்சிஜனொடுக்கம் நடக்கிறதோ, அது கத்தோட்.

மின்பகுப்பில் நாம் வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்துகிறோம். அங்கே அனோட், மூலத்தின் நேர்முனையோடு இணைந்திருக்கும். ஆகவே, நேர்மின்வாய் என்னும் தமிழ்ச்சொல் அங்கே முற்றிலும் பொருந்தும். மின்சாரம் தரும் கலத்திலோ நிலைமை தலைகீழ். எலக்ட்ரானை இழக்கும் தகடு அதைக் கம்பிக்குள் தள்ளுகிறது. எனவே அதுவே எதிர்முனை. அங்கே அனோட் எதிர்முனையில் அமர்கிறது. என் சுவர்ப்படம் தவறிய இடம் இதுதான்.

கரித்தண்டா, கரும்பொடியா?

நம் மாணவர்கள் நன்கறிந்த உலர் மின்கலத்திற்கு வருவோம். அதன் தந்தை பிரான்சு நாட்டு ஜார்ஜ் லெக்லாஞ்சே. 1866இல் அவர் காப்புரிமை பெற்ற கலத்தில் ஒரு துத்தநாகத் தண்டு, அம்மோனியம் குளோரைடு கரைசல், நுண்துளைப் பானை ஒன்றில் மாங்கனீசு டையாக்சைடும் கரிப்பொடியும், அதன் நடுவே ஒரு கரித்தண்டு ஆகியவை இருந்தன. 1886இல் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் நீர்மத்தைப் பசையாக்கி, துத்தநாகத்தையே கிண்ணமாக்கி, சிந்தாத கலமாக மாற்றினார்.

இக்கலத்தில் மின்வாய்கள் எவை என்று அக்காலத்தவரைக் கேட்டிருந்தால், துத்தநாகமும் கரியும் என்றிருப்பர். இன்றும் ‘துத்தநாகம் – கரி’ மின்கலம் என்றுதான் நாமும் சொல்கிறோம். அப்படியானால், மாங்கனீசு டையாக்சைடு என்னும் கரும்பொடிக்கு என்ன வேலை? கரித்தண்டில் ஹைட்ரஜன் சேர்ந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். அதை அகற்றுவதே அப்பொடியின் தொழில் என்று கருதினர். ‘முனைவாக்க நீக்கி’ என்று அதற்குப் பெயரும் இட்டனர். துப்புரவுப் பணியாளர் போன்ற இடம்.

உண்மையில் கலத்தின் பாதி வேலையைச் செய்வது அப்பொடியே. துத்தநாகம் இழக்கும் எலக்ட்ரான்கள் மின்குமிழ் வழியாக வந்து, கரித்தண்டில் ஏறி, மாங்கனீசு டையாக்சைடை அடைகின்றன. மாங்கனீசு +4 நிலையிலிருந்து +3 நிலைக்கு இறங்குகிறது. ஆக்சிஜனொடுக்கம் அங்கேதான் நடக்கிறது. ஆகவே கத்தோட் அந்த ஆக்சைடுதான். கரித்தண்டு எலக்ட்ரான்களைக் கொண்டு சேர்க்கும் பாதை மட்டுமே. மின்சாரம் தரும் இக்கலத்தில் கத்தோட் நேர்முனையில் இருப்பதையும் காண்க.

என் சுவர்ப்படத்தில் இந்தப் பிழையும் இருந்தது. கரித்தண்டை நோக்கி அம்புக்குறி இட்டு ‘மின்வாய்’ என்று எழுதியிருந்தேன். கரும்பொடிக்குப் பெயரே இடவில்லை.

ஒரே பசை, இரண்டு விதி

ஆக்சைடு எப்பக்கம் சேரும் என்பதை எனக்கு மிகத் தெளிவாக உணர்த்தியது ஈயச் சேமக்கலத்தின் வரலாறு. மகிழுந்தில் இருக்கும் அதே கலம்தான்.

1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். இரண்டும் ஈயம், வேறுபாடே இல்லை. மின்சாரம் செலுத்தியதும் ஒரு தகட்டின்மேல் பழுப்பு நிற ஈய டையாக்சைடு படிந்தது. மற்றது ஈயமாகவே இருந்தது. செலுத்துவதை நிறுத்திவிட்டுக் கம்பிகளை இணைத்தபோது கலம் மின்சாரத்தைத் திருப்பித் தந்தது. மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்ய முடிந்த முதல் பயனுள்ள கலம் இதுவே. ஆனால், தகடுகளைப் பதப்படுத்தப் பல நாள்கள், சிலபோது மாதங்கள்கூட ஆயின.

1881இல் காமில் போர் ஒரு குறுக்குவழியைக் கண்டார். சிவப்பு ஈய ஆக்சைடையும் கந்தக அமிலத்தையும் குழைத்துப் பசையாக்கி, இரண்டு தகடுகளிலும் பூசினார். இரண்டிலும் ஒரே பசை என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிறகு மின்சாரத்தைச் செலுத்தினார். ஒரு தகட்டில் இருந்த ஆக்சைடு மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்று ஈய டையாக்சைடு ஆயிற்று. மற்றத் தகட்டில் இருந்த அதே ஆக்சைடு ஒடுங்கி, கடற்பஞ்சு போன்ற சாம்பல் நிற ஈயமாயிற்று. ஒரு பானைப் பசை, ஒரு கை பூசியது. மின்னோட்டத்தின் திசை மட்டுமே இரண்டையும் பிரித்தது.

1882இல் கிளாட்ஸ்டனும் டிரைபும் இதன் வேதியியலை விளக்கினர். மின்சாரம் தரும்போது இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. ஈய டையாக்சைடில் ஈயம் +4 நிலையிலிருந்து +2க்கு இறங்குகிறது. எனவே அது கத்தோட். வெறும் ஈயம் சுழியத்திலிருந்து +2க்கு ஏறுகிறது. எனவே அது அனோட்.

மின்னேற்றம் செய்யும்போது என்ன ஆகிறது? எல்லாம் திரும்புகிறது. பழுப்புத் தகட்டில் ஈயம் +2இலிருந்து +4க்கு ஏறுகிறது. ஆகவே, அப்போது அதே தகடு அனோட். சாம்பல் தகடு கத்தோட்.

ஆசிரியர்களே, இங்கே சற்று நில்லுங்கள். பழுப்புத் தகட்டின் குறி மாறவில்லை. மின்சாரம் தரும்போதும் அது நேர்முனை. பெறும்போதும் அது நேர்முனை. கலத்தின் மேல் அச்சிட்ட கூட்டல் குறி ஒருநாளும் அழிவதில்லை. மாறியது அனோட், கத்தோட் என்னும் பெயர் மட்டுமே. குறி என்பது ஊரில் ஒரு வீட்டின் எண் போன்றது. அனோட், கத்தோட் என்பவை அவ்வீட்டின் வாயிலில் இன்று ஆள் புகுகிறாரா, வெளியேறுகிறாரா என்பதைச் சொல்பவை.

பொறியியலாளர்கள் இதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். மின்னேற்றம் செய்யத்தக்க கலங்களில், மின்சாரம் தரும் நிலையை வைத்தே பெயர் சூட்டுவர். அப்பெயரை மின்னேற்றத்தின்போதும் மாற்றாமல் வழங்குவர். இது வசதிக்கான வழக்கம்; வேதியியல் வரையறை அன்று.

இரும்பு, நிக்கல், லித்தியம்

1899இல் சுவீடனின் யுங்னரும், 1901இல் அமெரிக்காவின் எடிசனும் காரக் கரைசலில் இயங்கும் நிக்கல் கலங்களை உருவாக்கினர். எடிசனின் கலத்தில் ஒரு பக்கம் நிக்கல் ஹைட்ராக்சைடு, மறுபக்கம் இரும்பு ஆக்சைடு. முதல் மின்னேற்றத்தில் நிக்கல் பக்கம் உயர்நிலை ஆக்சைடாகிறது. இரும்பு ஆக்சைடோ இரும்பாக ஒடுங்குகிறது. மின்சாரம் தரும்போது நிக்கல் கத்தோட், இரும்பு அனோட். ஆக்சைடு என்றாலே கத்தோட் என்று மனப்பாடம் செய்தவர் இங்கே இடறுவார்.

1970களில் எக்சான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் டைட்டானியம் டைசல்பைடையும் லித்தியத்தையும் கொண்டு மின்னேற்றம் செய்யத்தக்க கலத்தை அமைத்தார். சல்பைடுக்கு மாற்றாக ஆக்சைடைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் கூடும் என்று ஜான் குட்இனாப் கணித்தார். 1980இல் ஆக்ஸ்போர்டில் அவர் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு ஏறத்தாழ 4 வோல்ட் பெற்றது. 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ அதற்கு இணையாக மறுபக்கம் கரியை வைத்தார். 1991இல் சோனி நிறுவனம் இவ்வகைக் கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இம்மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனாபுக்கு அகவை 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவரே.

நம் கைப்பேசியில் உள்ள கோபால்ட் ஆக்சைடு மின்சாரம் தரும்போது கத்தோட். மின்னேற்றம் பெறும்போது, வரையறைப்படி, அனோட். கோபால்ட் அப்போது +3இலிருந்து +4 நோக்கி ஏறுகிறது. இருந்தும் எல்லாரும் அதை எப்போதும் கத்தோட் என்றே அழைக்கின்றனர்.

அதே லித்திய உலகில் வேறு ஆக்சைடு ஒன்று உண்டு, லித்தியம் டைட்டனேட். லித்திய உலோகத்தோடு ஒப்பிட்டால் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.55 வோல்ட். கோபால்ட் ஆக்சைடோ ஏறத்தாழ 3.9 வோல்ட். இவ்விரண்டையும் இணைத்துக் கலம் செய்தால், தாழ்ந்த மின்னழுத்தமுள்ள டைட்டனேட்டு அனோட் ஆகும். கலம் சுமார் 2.4 வோல்ட் தரும். தோஷிபா நிறுவனம் 2008 முதல் டைட்டனேட்டை அனோடாகக் கொண்ட கலங்களைச் சந்தைக்குக் கொணர்ந்தது. ஆனால், ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைச் சோதிக்கும்போது, மறுபக்கம் லித்திய உலோகத்தை வைப்பதே வழக்கம். அங்கே லித்தியம் சுழியம்; டைட்டனேட்டு 1.55. எனவே, அக்கலம் மின்சாரம் தரும்போது டைட்டனேட்டுதான் கத்தோட்! பொருள் மாறவில்லை, துணை மாறியது, பெயரும் மாறியது.

2000ஆம் ஆண்டில் பிரான்சின் அமியான் நகர ஆய்வாளர்கள், மிக நுண்ணிய துகள்களாக்கிய கோபால்ட் ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு போன்றவை லித்தியக் கலத்தில் எதிர்முனைப் பொருளாகச் செயல்படும் என்று காட்டினர். ஆக, லித்தியத்தோடு சேர்ந்த கோபால்ட் ஆக்சைடு ஒரு பக்கத்திற்கும், லித்தியம் சேராத எளிய கோபால்ட் ஆக்சைடு மறுபக்கத்திற்கும் உரியதாகிறது. உலோகத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு அனோட் என்றோ கத்தோட் என்றோ சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பெறும் ஆக்சைடுகள்

உப்புநீரை மின்பகுத்துக் குளோரின் எடுக்கும் ஆலைகளில் நெடுங்காலம் கிராபைட்டு அனோடுகளே இருந்தன. அவை தேய்ந்துகொண்டே போகும். 1960களில் ஹென்றி பீர் டைட்டானியத் தகட்டின்மேல் ருத்தேனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைப் பூசித் தேயாத அனோடை உருவாக்கினார். இங்கே ஆக்சைடு அனோட். அது நேர்முனையோடும் இணைந்துள்ளது. குளோரைடு அயனிகள் அதனிடம் எலக்ட்ரானை இழந்து குளோரினாகின்றன. ஆக்சைடு தான் அழியாமல் எலக்ட்ரானை வாங்கிக் கடத்துகிறது.

1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் வேறொரு வியப்பை வெளியிட்டனர். டைட்டானியம் டையாக்சைடு மின்வாயின்மேல் ஒளி பட்டபோது அதில் ஆக்சிஜனும், அதோடு இணைத்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜனும் தோன்றின. ஒளியில் அந்த ஆக்சைடு அனோடாக இயங்கியது. அது எலக்ட்ரான் மிகுந்த, என் வகைக் குறைகடத்தி என்பதே காரணம். குப்ரஸ் ஆக்சைடு போன்ற பி வகை ஆக்சைடுகள் ஒளியில் கத்தோடாக இயங்குகின்றன. ஆய்வாளர்கள் ஒளியை அணைத்தும் ஏற்றியும், மின்னோட்டம் எத்திசையில் தாவுகிறது என்று பார்த்தே ஓர் ஆக்சைடின் வகையைக் கண்டறிகின்றனர்.

கண்டறியும் முறை

இவ்வளவு வரலாற்றையும் மாணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளிடம் கீழ்க்காணும் வினாக்களை வரிசையாகக் கேட்டாலே போதும்.

1. கலம் மின்சாரம் தருகிறதா, பெறுகிறதா? இதைக் கேட்காமல் அடுத்த வினாவுக்குச் செல்லக்கூடாது.

2. அம்மின்வாயில் எலக்ட்ரான் இழக்கப்படுகிறதா, பெறப்படுகிறதா? உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண் ஏறினால் அனோட், இறங்கினால் கத்தோட். ஈய டையாக்சைடில் ஈயம் ஏற்கெனவே தன் உச்சநிலையான +4இல் உள்ளது. அது இறங்கத்தான் முடியும். ஆகவே, மின்சாரம் தரும்போது அது கத்தோடாக மட்டுமே இருக்க இயலும்.

3. துணை மின்வாய் எது? மின்சாரம் தரும் கலத்தில் உயர்ந்த மின்னழுத்தம் உடையது கத்தோட், தாழ்ந்தது அனோட். வோல்ட்மானியின் சிவப்புக் கம்பியை ஒன்றிலும் கறுப்புக் கம்பியை மற்றதிலும் வைத்து, அளவு கூட்டலாக வந்தால், சிவப்புக் கம்பி தொடுவது நேர்முனை. மின்சாரம் தரும்போது அதுவே கத்தோட்.

4. மின்வாய்ப் பொருள் தானே மாறுகிறதா, அல்லது எலக்ட்ரானைக் கடத்த மட்டும் செய்கிறதா? கரித்தண்டையும் குளோரின் ஆலை அனோடையும் எண்ணிப் பாருங்கள். கடத்த மட்டும் செய்தால், இரண்டாம் வினாவை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளிடம் கேட்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இதைக் காட்டுவதற்காக வீட்டில் மின்கலங்களை அறுக்கவோ உடைக்கவோ வேண்டா. லித்தியக் கலம் தீப்பற்றும். மகிழுந்துக் கலத்தில் அமிலம் உள்ளது. எலுமிச்சைப் பழத்தில் ஒரு செப்புத் துண்டையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் குத்தி வோல்ட்மானியை இணைத்தாலே மூன்றாம் வினாவுக்கு விடை கிடைக்கும்.

தமிழ் மீதா பழி?

இனி, மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்னும் சொற்கள் மின்பகுப்பை மனத்தில் கொண்டால் பொருத்தமானவை. மின்சாரம் தரும் கலத்திற்கு அவற்றை அப்படியே கொண்டு சென்றால் பிழை நேரும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஆங்கிலத்தில் பயிலும் மாணவர்களும் இதே இடத்தில் இடறுகின்றனர். அனோட் என்றால் பாசிட்டிவ் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் இழப்போர் எம்மொழியிலும் உண்டு. ஆங்கிலப் பெயரில் குறி ஒளிந்திருக்கிறது என்று எண்ணுவது அவர்கள் பிழை. தமிழ்ப் பெயரில் குறி வெளிப்படையாக இருப்பதால் பிழை செய்வது நமக்குச் சற்று எளிதாகிவிட்டது, அவ்வளவே வேறுபாடு. பிழைக்குப் பொறுப்பு, சொல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று சொல்லாமல் விட்ட ஆசிரியனுக்கு.

இலங்கைத் தமிழ் நூல்களில் அனோட்டு, கதோட்டு என்றே வழங்குவர். மலாய் நூல்களிலும் ஒலிபெயர்ப்பே உள்ளது. நானும் இப்போது இவ்வாறு செய்கிறேன். தொடக்கப்பள்ளியில் நேர்முனை, எதிர்முனை என்னும் இரண்டு சொற்கள் மட்டும். அவை கலத்தின் மேல் அச்சிட்ட குறிகள்; அவை என்றும் மாறா. அனோட், கத்தோட் என்பவற்றை ஆறாம் ஆண்டில் நான் கற்பிப்பதில்லை. ஆர்வத்தால் கேட்கும் பிள்ளைக்கு மட்டும், ‘எலக்ட்ரானை இழக்கும் இடம் அனோட், பெறும் இடம் கத்தோட்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஹியூவெல் செய்ததுபோல் நாமும் வழியையே பெயராக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மாணவியோடு பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிறு எழும் வழி, விழும் வழி. “அப்படியென்றால் அனோட் எழுவாய், ஐயா!” என்று அவர் சிரித்தார். இலக்கணப் பாடத்தில் எழுவாய், பயனிலை என்று நான் அவருக்குக் கற்பித்த நினைவு. புதுச் சொல் படைக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும், பாரடேயின் கருத்துக்கு நேர்மின்வாயைவிட அது நெருக்கமாக இருப்பதை மறுக்க முடியவில்லை.

அவருடைய தாளில் இழந்த மதிப்பெண்ணை என்னால் திருப்பித் தர முடியாது. மறுநாள் காலை சுவர்ப்படத்தை இறக்கினேன். மாணவர்கள் பார்க்கும்போதே, ‘அனோட்’, ‘கத்தோட்’ என்னும் சொற்களை அடித்து, நேர்முனை, எதிர்முனை என்று மட்டும் எழுதினேன். கரித்தண்டைச் சுற்றியிருந்த பெயரில்லாப் பகுதியில் ‘மாங்கனீசு டையாக்சைடு’ என்று எழுதி அம்புக்குறி இட்டேன். “ஐயா, இத்தனை ஆண்டுகள் தப்பாக இருந்ததா?” என்று ஒருவன் கேட்டான். ஆம் என்றேன்.

உங்கள் வகுப்பறையிலும் இப்படியொரு படம் இருந்தால், ஒருமுறை நின்று பாருங்கள். பழைய மாணவர்கள் எவரேனும் அதை நம்பிச் சென்றிருக்கலாம். இக்கட்டுரையில் பிழை காணும் வேதியியல் ஆசிரியர்கள் தயங்காமல் சுட்டிக்காட்டுமாறு வேண்டுகிறேன். திருத்திக்கொள்வேன்.